பன்னிரண்டு வருட நெட்புக்கும் பதினான்கு மாத டேப்லெட்டும்

மதுரையில் வீட்டிலிருந்தபடியே மெய்ப்புத் திருத்தும் வேலை பார்க்கிறேன். சிவகாசியில் இரண்டு அச்சகங்கள், சென்னையில் மூன்று பதிப்பாளர்கள். பெரும்பாலும் இவர்களிடமிருந்துதான் வேலை வரும். அக்டோபர் கடைசியில் சூடு பிடித்தால் ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி தொடங்கும்வரை சரியான தூக்கம் கிடையாது. 2022 நவம்பரில், அந்த நெருக்கடி உச்சத்தில் இருந்தபோது, என் நெட்புக் என்ற சின்ன லேப்டாப் நின்றுபோனது. பட்டனை அழுத்தினால் விளக்கு எரிந்தது, திரையில் ஒன்றும் வரவில்லை. டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடையில் காட்டினேன். போர்டு போய்விட்டது, இந்த மாடலுக்கு இனிமேல் சாமான் கிடைக்காது என்று சொல்லிவிட்டார்கள்.

அதை 2010ல் வாங்கினேன். 10.1 இன்ச் திரை, இன்டெல் ஆட்டம் பிராசசர், 1 ஜிபி ராம், விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். டெஸ்க்டாப்பின் பின்னணிப் படத்தைக்கூட மாற்ற விடாத பதிப்பு அது. ஆனாலும் பன்னிரண்டு வருடம் எனக்குச் சோறு போட்டது. ராமை 2 ஜிபி ஆக்கினேன், ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டேன், பேட்டரி இரண்டு தடவை, கீபோர்டு ஒரு தடவை மாற்றினேன். 2012ல் எங்கள் பக்கம் ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்சாரம் போய்க்கொண்டிருந்ததே, அந்த வருடம் ஆறு செல் பேட்டரியை நம்பி எத்தனையோ ஃபாரங்களை (ஒரே தாளில் சேர்த்து அச்சாகும் பக்கங்களை) இருட்டில் உட்கார்ந்து முடித்துக் கொடுத்திருக்கிறேன்.

நெட்புக் என்ற பொருளே கொஞ்ச காலம்தான் இருந்தது. 2007ல் ஏசுஸ் கம்பெனி ஈ பிசி என்று ஒன்றைக் கொண்டுவந்தது. 7 இன்ச் திரை, 920 கிராம் எடை. அடுத்த வருடமே எல்லா கம்பெனிகளும் சின்ன லேப்டாப் போட ஆரம்பித்தன. 2010 ஜனவரி 27ல் ஆப்பிள் கம்பெனியின் ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபேட் என்ற டேப்லெட்டை அறிமுகப்படுத்தினார். நெட்புக்குகள் எந்த வேலையிலும் மற்றதைவிடச் சிறந்தவை இல்லை, அவை மலிவான லேப்டாப்கள், அவ்வளவுதான் என்பது அன்று மேடையில் அவர் வைத்த வாதம். 2012 முடிவதற்குள் நெட்புக் தயாரிப்பு ஏறக்குறைய நின்றே போனது. அந்தப் பேச்சைப் பல வருடம் கழித்துத்தான் பார்த்தேன். டேப்லெட்டைப் பற்றி அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. நெட்புக்கைப் பற்றிச் சொன்னதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. அந்தச் சின்னப் பெட்டியில் என்னவெல்லாம் நடந்தது என்று, அது போன பிறகு பதினான்கு மாதத்தில் ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டேன்.

அன்றைக்கு எனக்கு அவசரம். புது லேப்டாப்புக்கு நாற்பதாயிரம் கையில் இல்லை. கடைக்காரர் ஒரு ஆண்ட்ராய்டு டேப்லெட்டை எடுத்துக் காட்டினார். 10.4 இன்ச் திரை, பெட்டியிலேயே பேனா, 27,000 ரூபாய். தனியாக 3,200க்கு ஒரு புளூடூத் கீபோர்டு கவர். “லேப்டாப்ல பண்றது எல்லாமே இதுல பண்ணலாம் மேடம்” என்றார். அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அவர் லேப்டாப்பில் செய்கிற எல்லாமே இதிலும் முடிந்திருக்கும்.

முதல் மூன்று வாரம் எனக்கு அவ்வளவு சந்தோஷம். அந்த மூன்று வாரமும் ஃபைனல் புரூஃப் வேலைதான் வந்தது. அதாவது பக்கம் கட்டி முடித்த பிடிஎஃப். முன்பெல்லாம் இதை நெட்புக்கில் பார்ப்பது பெரிய இம்சை. படுக்கை வாட்டுத் திரையில் ஒரு பக்கத்தை மூன்று துண்டாக நகர்த்தி நகர்த்திப் படிக்க வேண்டும், பிழைகளைத் தனித்தாளில் பக்க எண், வரி எண் போட்டு எழுத வேண்டும். டேப்லெட்டை நிமிர்த்திப் பிடித்தால் முழுப் பக்கமும் ஒரே பார்வையில் தெரிந்தது. தமிழ்ப் புத்தகங்கள் பெரும்பாலும் டெமி 1/8 அளவில்தான் வருகின்றன, அகலம் 5.5 இன்ச், உயரம் 8.5 இன்ச். மூலைக்கு மூலை அளந்தால் 10.1 இன்ச் வரும். பத்து இன்ச் டேப்லெட்டில் அந்தப் பக்கம் கிட்டத்தட்ட அச்சில் வரப்போகும் அளவிலேயே தெரியும். வரி உடையும் இடம், பத்தியின் கடைசியில் ஒற்றைச் சொல் தொங்குவது, தலைப்புக்குக் கீழே இடைவெளி கூடிப்போவது எல்லாம் கண்ணில் தானாகப் படுகின்றன.

அப்புறம் அந்தப் பேனா. ஒற்று விட்டுப்போன இடத்தில் சின்னதாக ஒரு கூரை போட்டு ‘ப்’ என்று எழுதுவது, தேவையில்லாத கால் புள்ளியைச் சுழித்துவிடுவது என்று காகிதத்தில் இருபது வருடமாகக் கை பழகியதை அப்படியே திரையில் செய்ய முடிந்தது. டிடிபி செய்யும், அதாவது கணினியில் பக்கம் கட்டும் தம்பிக்கும் நிம்மதி. என் தனித்தாளை வைத்துக்கொண்டு வரி எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், பக்கத்திலேயே சிவப்பில் குறி இருக்கும். இந்த ஒரு வேலையில் எந்த லேப்டாப்பும் டேப்லெட்டுக்கு ஈடாகாது. இன்றும் இதுதான் என் முடிவு. ஆனால் கையைத் திரையில் ஊன்றி எழுதும்போது உள்ளங்கை பட்டால் கோடு விழக்கூடாது. அதற்குத் தகுந்த பேனாவும் அதற்கேற்ற டேப்லெட்டும் வேண்டும். ஐந்நூறு ரூபாய்க்கு விற்கும் ரப்பர் முனைப் பேனாவை வாங்கி ஏமாறாதீர்கள். அதில் ஒரு எழுத்துகூட உருப்படியாக எழுத முடியாது.

டிசம்பர் பாதியில் ஒரு பதிப்பாளர் மொழிபெயர்ப்பு நூல் ஒன்றை வேர்டு கோப்பாக அனுப்பினார். முந்நூற்று நாற்பது பக்கம். செய்த திருத்தமெல்லாம் தனியாகத் தெரியும்படி ட்ராக் சேஞ்சஸ் போட்டுத் திருத்தித் தர வேண்டும். வேர்டு ஆப்பைத் திறந்தேன், கோப்பு வந்தது, படிக்க முடிந்தது. திருத்தப் போனால் சந்தா கட்டச் சொன்னது. என் போனில் அதே ஆப் இலவசமாகத் திருத்த விடுகிறதே என்று குழம்பிவிட்டேன். தேடிப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. மைக்ரோசாஃப்டின் வேர்டு, எக்செல் ஆப்களில் 10.1 இன்ச் வரையுள்ள திரைகளுக்குத்தான் இலவசத் திருத்தம். அதற்கு மேல் போனால் மைக்ரோசாஃப்ட் 365 சந்தா வேண்டும். பெரிய திரை நல்லது என்று 10.4 இன்ச் வாங்கியிருந்தேன். சந்தா கட்டினேன், வேறு வழி இல்லை. டேப்லெட்டின் விலையைக் கணக்குப் பார்ப்பவர்கள் கீபோர்டு, பேனா, கவர் இவற்றோடு இந்தச் சந்தாவையும் சேர்த்துப் பாருங்கள்.

அடுத்தது தட்டச்சு. நான் தமிழ்99 அடிப்பவள். 1999ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டில் ஏற்கப்பட்ட விசைப்பலகை அது. உயிரெழுத்தெல்லாம் இடது கையில், மெய்யெல்லாம் பெரும்பாலும் வலது கையில். ‘க’வை இரண்டு தடவை அடித்தால் புள்ளி தானாக விழுந்து ‘க்க’ ஆகிவிடும். பழகிவிட்டால் அவ்வளவு வேகம் வரும். டேப்லெட்டின் திரைவிசையில் தமிழ்99 இருந்தது. ஆனால் புளூடூத் கீபோர்டை இணைத்ததும் ஆங்கிலம் மட்டும்தான் விழுந்தது. அமைப்புகளில் தேடினேன், வேறு வேறு ஆப் போட்டுப் பார்த்தேன். ஒன்று பாதி வேலை செய்தது, ஆனால் வேர்டுக்குள் போனால் எழுத்துகளை விழுங்கியது. கடைசியில் கீபோர்டைக் கழற்றி வைத்துவிட்டுத் திரையிலேயே அடித்தேன். படுக்கை வாட்டில் திரைவிசை பாதி இடத்தை எடுத்துக்கொள்ளும், மீதியில் ஆறு ஏழு வரிதான் தெரியும். வாக்கியம் எங்கே தொடங்கியது என்று பார்க்கவே மேலே இழுக்க வேண்டும். முந்நூற்று நாற்பது பக்கத்தை இப்படித் திருத்தி முடித்தபோது தோள்பட்டை தூக்க முடியாமல் போய்விட்டது. எல்லா டேப்லெட்டும் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். தமிழில் நிறைய எழுதுகிறவர் என்றால், நீங்கள் வாங்கப்போகும் அதே டேப்லெட்டில், அதே கீபோர்டை இணைத்து, உங்களுக்குப் பழகிய விசை அமைப்பில் ஒரு பத்தி அடித்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

தமிழ் அச்சுத் தொழிலுக்கே உரிய இன்னொரு சிக்கல் எழுத்துரு. எந்தக் கருவியிலும் ஒரே மாதிரி தெரியும் யூனிகோடு முறைக்கு எல்லாரும் வந்துவிட்டோம் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கலாம். அச்சகங்களில் இன்னும் பாமினி, வானவில் என்ற பழைய எழுத்துருக்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. பேஜ்மேக்கர் என்ற பழைய பக்கம் கட்டும் நிரலில் செய்த கோப்புகள் மறுபதிப்புக்கு வரும். பாமினியில் அடித்த வேர்டு கோப்பை, அந்த எழுத்துரு இல்லாத கருவியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகத் தெரியும். விண்டோஸில் இது ஒரு பிரச்சினையே இல்லை. எழுத்துருக் கோப்பை இரண்டு தட்டுத் தட்டினால் ஏறிவிடும், என்எச்எம் கன்வர்ட்டர் மாதிரி ஒரு நிரலில் போட்டால் நொடியில் யூனிகோடாக மாறிவிடும். என் டேப்லெட்டில் வேர்டுக்குள் பாமினியை ஏற்ற எனக்கு வழி கிடைக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் அச்சகத்துக்குப் போன் செய்து, “தம்பி, யூனிகோடா மாத்தி அனுப்புங்க” என்று கேட்க வேண்டியிருந்தது. சீசனில் அவர்களுக்கு அதற்கு நேரம் இல்லை. இரண்டு வேலை என் கையை விட்டுப் போனது இதனால்தான்.

இவற்றையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். 2023 ஏப்ரலில் நடந்த ஒன்று என்னை மிகவும் உலுக்கிவிட்டது. ஒரு நினைவு மலர். கட்டுரைகளை வாட்ஸாப்பில் அனுப்பினார்கள். வாட்ஸாப்பிலிருந்து திறந்தேன், திருத்தினேன், சேமித்தேன், அதே உரையாடலில் கோப்பை இணைத்துத் திருப்பி அனுப்பினேன். பத்து நாள் கழித்துச் சிவகாசியிலிருந்து போன். “அக்கா, நீங்க அனுப்பினது நாங்க குடுத்த ஃபைலேதான். ஒரு திருத்தம்கூட இல்ல. எட்டு ஃபாரம் ஓடிருச்சு” என்றார் அந்தத் தம்பி. கை நடுங்கிவிட்டது. தேடிப் பார்த்தேன். வாட்ஸாப் தன் கோப்புறையில் ஒரு பிரதி வைத்திருக்கிறது, வேர்டு தன் மேகச் சேமிப்பில் ஒரு பிரதி எடுத்திருக்கிறது, டவுன்லோடில் மூன்றாவது ஒன்று. என் திருத்தமெல்லாம் இரண்டாவதில் இருந்தது, நான் அனுப்பியது முதலாவது. மூன்றுக்கும் ஒரே பெயர்.

தவறு என்னுடையதுதான். அனுப்பும் முன் ஒரு தடவை திறந்து பார்த்திருக்க வேண்டும். எட்டு ஃபாரத்துக்கான காகிதச் செலவில் பாதியை நான் ஏற்றுக்கொண்டேன். ஆனால் நெட்புக்கில் பன்னிரண்டு வருடத்தில் இப்படி ஒரு தடவைகூட நடந்ததில்லை என்பதையும் யோசித்தேன். அங்கே ஒரு கோப்பு ஒரு இடத்தில் இருக்கும். எந்த நிரலில் திறந்தாலும் அதே கோப்புதான் திறக்கும். ‘நினைவுமலர்’ என்று கோப்புறை போட்டால், அதற்குள் ‘வந்தது’, ‘திருத்தியது’ என்று இரண்டு உட்கோப்புறை இருக்கும், கண்ணால் பார்க்கலாம். டேப்லெட்டில் ஒவ்வொரு ஆப்பும் தன் சாமானைத் தன் அறையில் வைத்துப் பூட்டிக்கொள்கிறது. ஒன்றிடமிருந்து இன்னொன்றுக்குக் கொடுக்கும்போது மூலத்தைக் கொடுக்கிறதா, நகலைக் கொடுக்கிறதா என்று நமக்குத் தெரிவதில்லை. அந்த ஏப்ரலுக்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்தேன். எந்தக் கோப்பு வந்தாலும் முதல் வேலையாக ஃபைல்ஸ் ஆப்புக்குள் கொண்டுபோய், பெயரின் கடைசியில் தேதியும் என் முதல் எழுத்தும் சேர்த்துவிடுவேன். திருப்பி அனுப்பும்போது அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பேன். டேப்லெட்டில் தொழில் செய்கிறவர்கள் இந்த ஒன்றை மட்டுமாவது செய்யுங்கள்.

அந்த ஜூலையில் அக்கா மகளுக்குப் பொறியியல் கலந்தாய்வு. அவர்கள் வீட்டில் கணினி கிடையாது, அதனால் என் வீட்டுக்கு வந்தாள். சான்றிதழ்களை டேப்லெட் கேமராவிலேயே ஸ்கேன் செய்தோம், அது அருமையாக வந்தது. அதுவரை சரி. விருப்பப் பட்டியல் கொடுக்கும் நாள் வந்தது. நானூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகள், ஒவ்வொன்றிலும் பல பிரிவுகள், எத்தனை வேண்டுமானாலும் வரிசைப்படுத்தலாம். குறிப்பிட்ட நாட்களுக்குள் முடித்துப் பூட்டிவிட வேண்டும். அவள் போன வருடக் கட்ஆஃப் பிடிஎஃப் ஒன்றில் பார்த்து, தொண்ணூறு வரி கொண்ட பட்டியலை எக்செல்லில் போட்டு வைத்திருந்தாள். பிடிஎஃபைப் பார்க்க வேண்டும், எக்செல்லைப் பார்க்க வேண்டும், உலாவியில் ஏற்ற வேண்டும். திரையை இரண்டாகப் பிரித்தால் உலாவி போனில் தெரிவதுபோல ஒல்லியாகிவிட்டது. பிரிக்காமல் மாறி மாறிப் போனால், திரும்பி வரும்போது உலாவிப் பக்கம் மறுபடி முதலிலிருந்து ஏறியது. ராமில் இடம் போதாதபோது பின்னால் இருக்கும் ஆப்பை ஆண்ட்ராய்டு மூடிவிடும். அது அதன் இயல்பு. போனில் அது நமக்கு உறைப்பதில்லை. ஒரு பிள்ளையின் நாலு வருடப் படிப்பு அந்தப் பட்டியலில் இருக்கும்போது உறைக்கும்.

“சித்தி, நாற்பத்தி மூணாவது போட்டேனா இல்லையான்னே தெரியல” என்று அழ ஆரம்பித்துவிட்டாள். இரவு எட்டு மணிக்கு எதிர்வீட்டில் போய் லேப்டாப் கேட்டு வாங்கி வந்தோம். ஒரு பக்கம் எக்செல், ஒரு பக்கம் உலாவி. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. அன்றைக்கு இரவு படுத்தபோது எனக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. டேப்லெட் ஒரு வேலையை நன்றாகச் செய்கிறது. ஒரு புத்தகம் படிப்பது, ஒரு வகுப்பைக் கவனிப்பது, ஒரு பிடிஎஃபில் குறி போடுவது, ஒரு படிவம் அதுவும் சின்னதாக இருந்தால் நிரப்புவது. வேலை ஒரே இடத்தில் தொடங்கி அங்கேயே முடிந்தால் அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. இங்கே பார்த்து, அங்கே எடுத்து, மூன்றாவது இடத்தில் போட்டு, மறுபடி முதல் இடத்துக்கு வந்து சரிபார்க்கிற வேலை என்றால் அது நம்மைத்தான் அலைய வைக்கும். ஆண்ட்ராய்டா ஐபேடா, ராம் எவ்வளவு என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இதைப் புரிந்துகொள்ள ஒரு சின்னச் சோதனை இருக்கிறது. நேற்று முழுக்கக் கணினியில் என்னவெல்லாம் செய்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில் எத்தனை நிரல்களைத் தொட்டீர்கள் என்று ஒரு எண் போடுங்கள். பெரும்பாலும் ஒன்று என்று வந்தால் டேப்லெட் போதும். இரண்டும் மூன்றுமாக வந்தால் சின்னதாக ஒரு லேப்டாப் பாருங்கள். என் பட்டியலில் ஃபைனல் புரூஃபைத் தவிர ஒன்று என்ற எண்ணே இல்லை.

மற்ற சில்லறைத் தொந்தரவுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் இருந்த பழைய லேசர் பிரின்டர் யூஎஸ்பியில் மட்டும் வேலை செய்வது, வைஃபை கிடையாது. டேப்லெட்டிலிருந்து அதில் ஒரு பக்கம்கூட அடிக்க முடியவில்லை. பென் டிரைவ் இணைக்க ஓடிஜி ஒயர் வாங்கினேன். என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மேட் செய்த டிரைவை அது திறக்கவில்லை, அச்சகத்தில் சொல்லி எக்ஸ்ஃபேட்டில் மாற்றி வாங்கினேன். என் கணவர் வைத்திருக்கும் பெயின்ட் கடைக்குக் கணக்கு டேலியில் இருக்கிறது, அது விண்டோஸில் மட்டும்தான் ஓடும். ஜிஎஸ்டி தாக்கலுக்கான ஆஃப்லைன் டூலும் அப்படித்தான். எக்செல் ஆப்பில் மேக்ரோ ஓடாது, ஆகவே ஆடிட்டர் அனுப்பும் எக்செல் படிவங்களில் பாதி பிரயோஜனப்படவில்லை.

எடை விஷயத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் டேப்லெட் வாங்குவதே அதற்காகத்தான். என் டேப்லெட் ஏறக்குறைய 470 கிராம், கீபோர்டு கவர் 450 கிராம். சேர்த்தால் 920. பதினைந்து வருடத்துக்கு முந்தைய ஈ பிசியின் எடை வந்துவிட்டது. சிவகாசி பஸ்ஸில் இரண்டு மணி நேரம் மடியில் வைத்து வேலை செய்யலாம் என்று நினைத்திருந்தேன். கவரின் முட்டு மேசையில் நிற்கும், மடியில் நிற்காது. திருமங்கலம் தாண்டுவதற்குள் இரண்டு தடவை கீழே விழப் பார்த்தது. நெட்புக் மடியில் ஆணி அடித்தது போல உட்கார்ந்திருக்கும். அடியில்தான் கனம், திரை லேசு.

2024 பிப்ரவரியில், புத்தகக் காட்சிக் காசு வந்ததும், சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் ஒரு பழைய லேப்டாப் வாங்கினேன். 12.5 இன்ச் திங்க்பேட் எக்ஸ்280, 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி, 19,500 ரூபாய். அலுவலகங்கள் மூன்று நான்கு வருடம் பயன்படுத்திவிட்டுக் கழித்துவிடும் லேப்டாப்கள் இப்படிக் கடைகளுக்கு வருகின்றன. இவற்றை வாங்கப் போகிறவர்கள் முதலில் பிராசசரின் தலைமுறையைக் கேளுங்கள். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல். அதற்குக் கீழே உள்ளவற்றை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்காது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது. ஆறாம் தலைமுறை லேப்டாப்பை எட்டாயிரத்துக்குத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச ஓஎஸ்ஸைப் போட்டுக்கொள்ளத் தெரிந்தால் வாங்கலாம், இல்லாவிட்டால் வேண்டாம். எக்ஸ்280 போன்ற ஒல்லியான மாடல்களில் ராம் போர்டிலேயே ஒட்டப்பட்டிருக்கும், பிறகு கூட்ட முடியாது. அதனால் 8 ஜிபிக்குக் குறையாமல் எடுங்கள். கடையிலேயே அரை மணி நேரம் சார்ஜரைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள், பேட்டரி எவ்வளவு இறங்குகிறது என்று தெரிந்துவிடும். எல்லா விசையையும் ஒரு தடவை அடித்துப் பாருங்கள். அரை மணி நேரம் நிற்க விடாத கடையில் வாங்காதீர்கள்.

கீபோர்டில் கையை வைத்துத் தமிழ்99ல் முதல் வரியை அடித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. பதினான்கு மாதம் கழித்து என் வேகம் எனக்குத் திரும்பக் கிடைத்தது.

இன்னொரு விஷயம், இதை எழுதத் தூண்டியதே அதுதான். 2025 மார்ச் பட்ஜெட்டில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி தருவதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. அந்தச் செய்தி வந்த அன்று அக்கா மகள் போன் செய்து, “எதைக் கேக்கலாம் சித்தி? கிளாஸ்ல பாதிப் பேரு டேப்புங்கறாங்க” என்றாள். லேப்டாப்பைக் கேள் என்று யோசிக்காமல் சொன்னேன். வீட்டில் ஏற்கெனவே ஒரு கணினி இருந்து, இரண்டாவதாக ஒன்று வருகிறதென்றால் டேப்லெட் நல்ல தேர்வு. ஒரு வீட்டுக்குள் நுழையப் போகும் முதல் கணினி அதுதான் என்றால் லேப்டாப்பாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

2011 செப்டம்பரில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. எங்கள் தெருவில் ஒரு பையனுக்கு அதில் ஒன்று கிடைத்தது. விண்டோஸும் பாஸ் லினக்ஸும் இரண்டும் இருந்தன. அவன் அதைத் திறந்து பார்த்தான், ஓஎஸ்ஸை அழித்து மறுபடி போட்டான், இரண்டு தடவை கெடுத்தான், இரண்டு தடவை சரி செய்தான். எங்கிருந்தோ ஒரு பேஜ்மேக்கர் கொண்டுவந்து கல்யாணப் பத்திரிகை போடக் கற்றுக்கொண்டான். இன்றைக்கு வடக்கு மாசி வீதிப் பக்கம் சொந்தமாக டிடிபி கடை வைத்திருக்கிறான். டேப்லெட் கிடைத்திருந்தால் அவனால் முன்னேறியிருக்க முடியாது என்று அடித்துச் சொல்ல நான் யார்? ஆனால் கெடுத்துப் பார்க்கவும் சரி செய்யவும் அவனுக்கு அது இடம் கொடுத்தது. 2020லும் 2021லும் எத்தனையோ பிள்ளைகள் போனில் வகுப்புப் பார்த்தார்கள். பார்க்க முடிந்தது. எட்டுப் பக்கக் கட்டுரையை அடித்து, அட்டவணை போட்டு, பிடிஎஃபாக மாற்றிக் கொடுக்கச் சொன்னபோது திண்டாடினார்கள். டேப்லெட் பெரிய திரை கொண்ட ஒரு நல்ல போன். அந்தத் திண்டாட்டத்தை அது கொஞ்சம் குறைக்கும், தீர்க்காது.

டேப்லெட் இப்போது அப்பாவிடம் இருக்கிறது. அவருக்கு எழுபத்தெட்டு வயது. இரண்டு கண்ணிலும் புரை அறுவை சிகிச்சை முடிந்த பிறகு அச்சுப் புத்தகத்தின் சின்ன எழுத்துகளை வாசிக்க முடியாமல் விட்டே விட்டிருந்தார். தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்திலிருந்து இறக்கிய நூல்களை எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கிறார். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய இதழ்களின் ஸ்கேன் பிரதிகள் கிடைக்கின்றன, அவர் சின்ன வயதில் வாசகசாலையில் படித்தவை. இரண்டு விரலால் பக்கத்தை விரித்து, விளம்பரங்களைக்கூட விடாமல் பார்ப்பார். சாய்வு நாற்காலியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு அவரால் இதைச் செய்ய முடியாது.

ஃபைனல் புரூஃப் வருகிற நாட்களில் மட்டும் நான் போய்க் கேட்க வேண்டியிருக்கிறது. போன வாரமும் கேட்டேன். “ஒரு ஆறு பக்கம் இருக்கும்மா, முடிச்சிட்டுத் தர்றேன்” என்றார். சரி என்று வந்து, லேப்டாப்பில் அடுத்த புத்தகத்தின் வேர்டு கோப்பைத் திறந்தேன்.